சட்டப் படிப்பு ஆறுதல் பரிசு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகளை ஒட்டி நீங்கள் வெளியிட்ட உயர்கல்வி இணைப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை படித்தேன். மருத்துவத்துக்குப் பக்கம் பக்கமாகக் கொடுத்திருக்கிறீர்கள். பொறியியலுக்கும் குறைவில்லை. சட்டத்துக்கு மட்டும் கால் பத்தி. அதுவும், நீட்டில் மதிப்பெண் குறைந்தவர்கள் சோர்ந்துவிட வேண்டாம், சட்டம் போன்ற மாற்று வழிகள் இருக்கின்றன என்ற ஆறுதலோடு. அந்தக் கால் பத்திக்குத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும். வெட்டுவதென்றால் என் வீட்டுக் கதையை வெட்டுங்கள், தேதி விவரங்களை வெட்டிவிடாதீர்கள்.

நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. பாளையங்கோட்டையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கேஸ் கட்டைத் தூக்குவது, கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் வாங்குவது, வழக்கை நம்பர் ஆக்குவது, நகல் மனு போட்டுவிட்டுக் காத்துக் கிடப்பது, வாய்தா தேதியை டைரியில் ஏற்றுவது, இதுதான் பிழைப்பு. மதுரைக் கிளை 2004-ல் வரும் வரைக்கும் ஹைகோர்ட் வேலை என்றால் நெல்லை எக்ஸ்பிரஸில் கட்டோடு மெட்ராஸுக்கு ஏற வேண்டும். வக்கீல்களை அவர்கள் வீட்டுக்காரர்களைவிடக் கிட்டத்தில் பார்ப்பவன் குமாஸ்தா. டாக்டர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆனால் ஆஸ்பத்திரியில் அல்ல. சாட்சிக் கூண்டில்.

என் மகன் வழிப் பேத்தி இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அரசுப் பள்ளி, பயாலஜி குரூப். நீட்டும் எழுதினாள். மகனுக்கு அவள் டாக்டர் ஆக வேண்டும். மருமகள், ‘இந்தத் தடவ கிடைக்காட்டி இன்னொரு வருஷம் எழுதட்டும் மாமா’ என்கிறாள். பேத்திக்குச் சட்டம் படிக்க ஆசை. அதை அவள் ஒன்பதாவதிலேயே சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை. நல்லா படிக்கிற பிள்ளை எதுக்கு லா காலேஜுக்குப் போகணும் என்பதுதான் வீட்டில் இருந்த பதில். நீங்கள் போட்ட கால் பத்தியை மகன் வெட்டி எடுத்து மேசையில் வைத்திருக்கிறான். ‘பாத்தியா, பேப்பர்லயே போட்டிருக்கான், டாக்டர் கிடைக்காதவங்களுக்குத்தான் லா’ என்று அவளிடம் காட்டுவதற்காக.

அங்கேதான் எனக்குக் கோபம். நீட் முடிவு வரட்டும், கிடைக்காவிட்டால் சட்டம் பார்த்துக்கொள்ளலாம் என்பது கேட்க நியாயமாகத் தெரிகிறது. நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு இப்போதெல்லாம் முந்தின டிசம்பரிலேயே முடிந்துவிடுகிறது. நீட் நடப்பது மே மாதம். உங்கள் இணைப்பு வரும் நேரத்தில் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் கதவும் சாத்தியாகிவிட்டது, நம் திருச்சி நவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் கதவும் சாத்தியாகிவிட்டது. கிளாட்டில் 120 கேள்வி, இரண்டு மணி நேரம், எல்லாம் ஆங்கிலத்தில், பத்தி பத்தியாக வாசித்துப் பதில் எழுதுகிற மாதிரி. நீட் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை டிசம்பரில் அதற்கும் தயாராக முடியுமா? மருத்துவத்தை முதலிலும் சட்டத்தை இரண்டாவதிலும் வைத்த வீட்டில், சட்டத்தின் நல்ல பாதி கேட்காமலே போய்விடுகிறது. சட்டத்தை முதலில் நினைத்த பிள்ளைக்கு மட்டுமே அது கிடைக்கும்.

மிச்சம் இருப்பது டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் படிப்புகள். மிச்சம் என்று சொல்வதால் மட்டம் என்று அர்த்தமில்லை. சென்னையில் சீர்மிகு சட்டப்பள்ளி இருக்கிறது. மதுரை, திருச்சி, கோவை, எங்கள் திருநெல்வேலி என்று அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. அப்புறம் ராமநாதபுரம், தேனி, காரைக்குடி என்று புதிதாகவும் வந்திருக்கின்றன. ஐந்தாண்டுப் படிப்புக்கு இங்கே நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். எந்த குரூப் படித்திருந்தாலும் சரி. பத்தாவது முடித்ததும் காமர்ஸோ வரலாறோ எடுத்த பிள்ளைக்கு மருத்துவம் அன்றைக்கே ஏறக்குறைய போய்விட்டது, சட்டம் போகவில்லை. இதை உங்கள் இணைப்பில் எங்கேயும் காணோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-ல் வந்ததைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதே ஒதுக்கீடு 2021-ல் சட்டப் படிப்புக்கும் வந்ததே, அதற்கு ஒரு வரி போட இடமில்லையா? ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த எத்தனை பிள்ளைகளுக்கு அது தெரியும்?

சரி, படிப்பில் சேருவது இருக்கட்டும். வேலை என்ன வேலை என்பதையாவது யாராவது பிள்ளைகளுக்குச் சொல்கிறார்களா? டாக்டர் என்றால் ஸ்டெதாஸ்கோப், வக்கீல் என்றால் கறுப்புக் கோட்டு. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. இரண்டு வேலையும் ஒரே அறையில் முட்டிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வழக்கைச் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம்.

வரப்புத் தகராறு. மண்டையில் அடி, கையில் எலும்பு முறிவு. எலும்பு முறிந்தாலோ பல் விழுந்தாலோ சட்டத்தில் அது கொடுங்காயம், தண்டனை கூடும். ராத்திரி ஒரு மணிக்கு மேல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். டூட்டியில் இருந்தது ஒரு சின்னப் பெண் டாக்டர். விபத்துப் பதிவேட்டில், நாங்கள் ஏ.ஆர். காப்பி என்போம், ‘தெரிந்த மூன்று நபர்களால் கட்டையால் தாக்கப்பட்டதாக’ என்று எழுதிவிட்டுத் தையல் போட உட்கார்ந்துவிட்டார். மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் எழுதின எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேர். வழக்கு விசாரணைக்கு வர வருடங்கள் ஆயின. அதற்குள் அந்த டாக்டர் சென்னையில் பி.ஜி. படிக்கப் போய்விட்டார். சம்மன் போய், ராத்திரி ரயிலில் வந்து இறங்கி, பத்தரை மணியிலிருந்து வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் பி.ஜி. புத்தகம். மத்தியானம் கூப்பிட்டார்கள்.

எதிரித் தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கத்து வக்கீல், குரலை உயர்த்தவே இல்லை. காயம்பட்டவர் சுயநினைவோடு இருந்தாரா? இருந்தார். அவரே சொன்னதைத்தான் எழுதினீர்களா? ஆமாம். மூன்று பேர் என்று அவரே சொன்னாரா? ஆமாம். கரடுமுரடான இடத்தில் தடுமாறிக் கீழே விழுந்தாலும் இப்படிப்பட்ட காயம் ஏற்படலாம் இல்லையா? டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். ஏற்படலாம் என்றார். ‘கீழே விழுந்தாலும் மேற்படி காயங்கள் ஏற்படலாம் என்றால் சரிதான்’ என்று டைப் ஆனது. அவ்வளவுதான். ஐந்து பேரில் இரண்டு பேர் மேல் இருந்த குற்றச்சாட்டு அந்த இடத்திலேயே ஆட்டம் கண்டுவிட்டது. டாக்டர் இறங்கி வந்து என்னிடம், ‘சார், நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?’ என்று கேட்டார். இல்லம்மா, உள்ளதைச் சொன்னீங்க என்றேன். உண்மையும் அதுதான். அவர் ராத்திரி பார்த்தது மண்டையில் ஒழுகும் ரத்தத்தை. மூன்றா ஐந்தா என்பது அந்த நேரத்தில் அவருக்கு முக்கியமில்லை, முக்கியமாக இருந்திருக்கவும் கூடாது. வக்கீலுக்கோ அந்த ஒரு எண்தான் முழு வழக்கே.

இந்தக் கதையைப் பேத்தியிடம் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, ‘தாத்தா, அந்த மிச்ச ரெண்டு பேரு நெசமாவே அங்க இருந்தாங்களா?’ தையல் எத்தனை என்று அவள் கேட்கவில்லை. 

இதோடு நான் முடிவு கட்டிவிடவில்லை, ஒரு கதையை வைத்துப் பிள்ளையின் தலையெழுத்தை எழுத முடியுமா? அவளும் அவள் கூடப் படிக்கும் பிள்ளை ஒருத்தியும் ஒருநாள் எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்திக்குச் சாப்பாடு கொடுக்கப் போனார்கள். அவள் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். போன நேரத்தில் பாம்புக்கடி கேஸ் ஒன்று வந்திருக்கிறது. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து அசைக்காமல் இருபது நிமிஷம் நிறுத்தி வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் மாதிரிப் பாம்பின் விஷம் ஏறியிருக்கிறது, விஷமுறிவு மருந்து போட வேண்டும். எந்தப் பாம்பு என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னாலும் குழாயும் உடம்பில் தெரியும் அறிகுறியும் சொல்வதுதான் கணக்கு. கூடப் போன பிள்ளை அந்தக் குழாயை விட்டுக் கண்ணெடுக்கவில்லையாம். என் பேத்தி வராந்தாவில் நின்றுகொண்டு, பாம்பு யார் தோட்டத்திலிருந்து வந்தது, வேலி ஓரத்துப் புதரை யார் வெட்டாமல் விட்டது என்று இரண்டு பங்காளிகள் போட்ட சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பக்க நியாயத்தையும் எனக்கு ஒப்பித்தாள். நர்ஸ் வந்து என் மகனிடம் சொன்னது: ‘அண்ணே, அந்த இன்னொரு பிள்ளைய டாக்டருக்குப் படிக்க வைங்க, ஒங்க பிள்ளைய விட்ருங்க.’ மகனுக்கு அது பிடிக்கவில்லை.

மகன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பணத்தைப் பற்றி ஒளிக்காமல் பேசிவிடுவோம். அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் பாதி பாரம் இறங்கினது. நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன், அந்த வருடமே மாதா மாதம் உதவித்தொகை வரும். முடித்த மறுநாள் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டராக உட்கார்ந்தாலும் சம்பளம் உண்டு. வக்கீலுக்கு அப்படிக் கிடையாது. ஐந்து வருடம் படித்து, பார் கவுன்சிலில் பதிந்து, அகில இந்திய பார் தேர்வையும் முடித்து, கோட்டு மாட்டிக்கொண்டு சீனியர் ஆபீஸுக்கு வந்தால் முதல் வேலை கட்டைப் புரட்டுவது. இரண்டாவது வேலை, சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், வழக்கைச் சற்றுப் பொறுத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுந்து நின்று சொல்வது. பெட்ரோல் காசு தருகிற சீனியர் நல்ல சீனியர். அதுவும் தராதவர்களிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். ஜூனியர் பையன்கள் மத்தியானம் டீயும் வடையுமாக ஓட்டுவதைப் பார்த்து, கட்சிக்காரர் எனக்குக் கொடுத்த காசில் அவர்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்ததும் உண்டு.

இந்த நிலைமை கொஞ்சம் மாறுகிறது என்றும் சொல்ல வேண்டும். பார் கவுன்சில்களில் வக்கீலாகப் பதியக் கட்டணம் என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதே வருடம் ஜூனில் நம் ஹைகோர்ட், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டது. எங்கள் பக்கம் எத்தனை சீனியர்கள் அதைக் கொடுக்கிறார்கள் என்பதை நான் சொல்ல மாட்டேன், இன்னும் அந்த வராந்தாவில் நடக்க வேண்டியவன். ஒரு நிருபரை அனுப்பி விசாரித்துப் போடுங்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் சுவாரசியமாக இருக்கும். ஏழை வீட்டு இளம் வக்கீல்களுக்கு அரசு 2020-ல் தொடங்கின மாதம் 3,000 ரூபாய், இரண்டு வருட உதவியைப் பற்றியும் ஒரு பெட்டிச் செய்தி போடலாம். 

படித்து முடித்ததும் பரீட்சை எழுதி நேரே நீதிபதி ஆகிவிடலாம் என்று நம்பிச் சட்டத்துக்கு வருகிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கும் சொல்லுங்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்று வருட வக்கீல் அனுபவம் வேண்டும் என்று திரும்பக் கொண்டுவந்துவிட்டது. எனக்கு அது சரி என்றே படுகிறது. கட்டைத் தூக்காதவன் கட்டின் கனத்தை எப்படி அறிவான்?

ஆனால் டாக்டர் பக்கம் எல்லாம் பாலும் தேனும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எம்.பி.பி.எஸ். என்று போர்டு மாட்டினால், ‘வெறும் எம்.பி.பி.எஸ்.ஸா?’ என்று நோயாளியே கேட்கிற காலம். பி.ஜி.க்கு இன்னொரு நீட், அதற்கு ஒரு வருடமோ இரண்டு வருடமோ படிப்பு, அப்புறம் மூன்று வருடம். கணக்குப் போட்டுப் பார்த்தால் டாக்டரும் வக்கீலும் சொந்தக் காலில் நிமிர்ந்து நிற்க இருபத்தெட்டு, முப்பது ஆகிவிடும். நடுவில் சோற்றுக்கு வழி டாக்டருக்கு உண்டு, வக்கீலுக்கு வீட்டில் யாராவது போட வேண்டும். வித்தியாசம் இதுதான். இருபத்து மூன்று வயதில் சம்பாதித்துத் தம்பி தங்கையைக் கரையேற்ற வேண்டிய பிள்ளை என்றால், அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கையில் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அதில் சேரட்டும் என்றே நானும் சொல்வேன். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் வருடத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல் கட்டிப் படிக்க வைக்கிறேன், நிலத்தை விற்கிறேன் என்று வருகிற தகப்பன்மார்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தக் கிரையப் பத்திரங்கள் எழுதுகிற இடத்தில் நான் நின்றிருக்கிறேன். வாங்குகிறவர் முகத்தில்தான் சிரிப்பு இருக்கும்.

பெண் பிள்ளை என்பதால் டாக்டர்தான் பத்திரம் என்று மருமகள் சொல்வாள். கோர்ட்டில் ஆம்பிளைகள் கூட்டம், பெண் வக்கீல் என்றால் வாயாடி என்பார்கள், மாப்பிள்ளை கிடைக்காது, இத்யாதி. ராத்திரி டூட்டியில் எது பத்திரம்? 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்த பெண் டாக்டருக்கு நடந்த கொடுமையை உங்கள் பத்திரிகையில்தான் நாங்கள் படித்தோம். இங்கேயும் டாக்டர்களை அடிக்கிறார்கள் என்பதால்தான் 2008-லேயே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. கோர்ட்டில் வேறு கஷ்டம். பழைய கட்டடங்கள் சிலவற்றில் பெண் வக்கீல்களுக்கு ஒழுங்கான கழிப்பறை கிடையாது, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். இது ஒரு பெரிய விஷயம், மாப்பிள்ளை கிடைப்பதைவிடப் பெரிய விஷயம், இதை யாரும் பேசுவதில்லை.

இன்னொரு வாதத்தை வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். முதலில் டாக்டர் முடிக்கட்டும், ஆசை இருந்தால் பிறகு மூன்று வருட லா படித்துக்கொள்ளலாம், லா முடித்துவிட்டு டாக்டராக முடியுமா என்று. விதிப்படி சரிதான். எந்தப் பட்டதாரியும் மூன்றாண்டு எல்.எல்.பி. சேரலாம். அப்படிப் படித்த டாக்டர் ஒருவரை நுகர்வோர் கோர்ட்டில் பார்த்திருக்கிறேன். காசு வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அப்படி ஆட்களுக்குத் தேவை இருக்கிறது. கேஸ் ஷீட்டை அவர் புரட்டுகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் அவர் மாதிரி எத்தனை பேர்? பி.ஜி. முடித்து, கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன் என்று ஆன பிறகு யார் போய் மறுபடியும் முதல் வருட பெஞ்சில் உட்காரப் போகிறார்கள்? பிறகு படிக்கலாம் என்று சொல்வது பிள்ளையின் வாயை அடைக்கத்தான்.

டாக்டராக இருந்தே சட்டத்தைத் தொட்டவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் பட்டம் வாங்கினவர். 1927-ல் சட்டசபைக்குப் போய், தேவதாசி முறையை ஒழிக்க அவர் எடுத்த முயற்சி 1947-ல் சட்டமாக முடிந்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவர் தொடங்கினதுதான். அவரை உதாரணம் காட்டுகிறவர்கள் பேத்தியிடம் இரண்டையும் எதிர்பார்க்கிறார்கள் போல. பதினேழு வயசுப் பிள்ளை, பாவம்.

எனக்குப் பிடித்த உதாரணம் வேறு. காந்தி. மெட்ரிகுலேஷன் முடித்துவிட்டு பாவ்நகர் காலேஜில் ஒரு பருவம் படித்துப் பார்த்தார், பாடம் ஏறவில்லை. குடும்பத்துக்கு வேண்டிய ஒரு பெரியவர் லண்டனுக்கு அனுப்பி பாரிஸ்டர் ஆக்குங்கள் என்றார். காந்தி, என்னை டாக்டருக்குப் படிக்க அனுப்பக் கூடாதா என்று கேட்டிருக்கிறார். அண்ணன் குறுக்கே விழுந்து, அப்பாவுக்கு அது பிடிக்காது, வைஷ்ணவர்களாகிய நாம் பிணத்தை அறுப்பதா, உன்னை வக்கீலாக்கத்தான் அப்பா நினைத்திருந்தார் என்றார். பெரியவரும், டாக்டர் ஆனால் திவான் ஆக முடியாது என்றார். ஆக 1888-ல் கப்பல் ஏறினார். நம் வீடுகளில் இப்போது நடப்பதை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி இருக்கிறது. அன்றைக்குப் பதவிக்கு வழி வக்கீல் படிப்பு, அதனால் வீடு அதைச் சொன்னது. இன்றைக்கு மதிப்பு டாக்டருக்கு, வீடு டாக்டர் என்கிறது. வீடு எப்போதும் சந்தை விலையைத்தான் சொல்லும்.

அந்தக் காந்தி பம்பாயில் முதல் வழக்குக்கு 30 ரூபாய் ஃபீஸ் வாங்கிக்கொண்டு எழுந்தார். குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார், ஃபீஸைத் திருப்பிக் கொடுத்து வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இதை நான் அடிக்கடி சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘நல்லாப் பேசுது, வக்கீலுக்குப் படிக்கட்டும்’ என்று சொல்வார்கள். ‘இது பேசாதே, இதுக்கு எதுக்கு லா?’ என்றும் சொல்வார்கள். நான் பார்த்த நல்ல வக்கீல்களில் பாதிப் பேர் வீட்டில் வாய் திறக்காதவர்கள். அவர்கள் படிப்பார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ் விளக்கு எரியும். எஃப்.ஐ.ஆர். ஒரு கையில், ஏ.ஆர். காப்பி ஒரு கையில், நடுவில் எங்கே ஒத்துப்போகவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள். பேச்சு பிறகு வரும், படிக்கிற பொறுமை இல்லாவிட்டால் ஒன்றும் வராது. சட்டமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2024 ஜூலை ஒன்றாம் தேதி இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது, தலை நரைத்த வக்கீல்கள் புதிய செக்‌ஷன் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். 302 என்றால் கொலை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், இப்போது 103. 

ஆங்கிலம் வராதே என்று பயப்படுகிற அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் கீழ்க் கோர்ட்டுகளில் சாட்சி சொல்வது தமிழ், குறுக்கு விசாரணை தமிழ், பதிவாவதும் தமிழ். ஹைகோர்ட்டுக்குப் போனால் ஆங்கிலம் வேண்டும், சட்டப் புத்தகங்களுக்கும் வேண்டும், கஷ்டம்தான். ஆனால் அது ஐந்து வருடத்தில் பிடிக்கக் கூடிய கஷ்டம். மருத்துவப் படிப்பில் முதல் நாளே ஆங்கிலத்தில்தான் உடற்கூறு.

இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம் உங்களிடம் கேட்க எனக்குச் சில காரியங்கள் இருப்பதுதான். உயர்கல்வி இணைப்பை மே மாதத்தோடு நிறுத்தாமல் செப்டம்பரிலும் ஒன்று போடுங்கள். கிளாட்டுக்கு விண்ணப்பிக்க அப்போதுதான் நேரம் இருக்கும். சட்டத்தை மருத்துவத்துக்குக் கீழே மாற்று வழி என்று போடாமல், தனிப் பக்கத்தில், சேருகிற வழி, செலவு, முதல் ஐந்து வருட வறட்சி எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள். மருத்துவத்துக்கும் அதே மாதிரி பி.ஜி. வரைக்குமான கணக்கைப் போடுங்கள். முதலிடம் பிடித்தவர்களின் படமும் பேட்டியும் இதுவரை போட்டது போதும். ஒரு ஹவுஸ் சர்ஜனின் ராத்திரியையும் ஒரு ஜூனியர் வக்கீலின் திங்கட்கிழமையையும் எழுதச் சொல்லுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒன்று எழுதுங்கள். ஆஸ்பத்திரிக்குள் சும்மா போய் நின்று வேடிக்கை பார்க்க முடியாது. கோர்ட் அப்படியில்லை. சில வகை வழக்குகளைத் தவிர எல்லாமே திறந்த கோர்ட்டில்தான் நடக்கும். டிக்கெட் கிடையாது, செல்போனை அணைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காரலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பிளஸ் ஒன் லீவில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நாள் முழுக்க உட்கார வையுங்கள். முக்கால்வாசி நேரம் வாய்தாதான் நடக்கும், சலித்துப் போகும். அந்தச் சலிப்பையும் பார்க்கட்டும். கூட்டிப் போக ஆள் இல்லாதவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் ஏதாவது ஒரு குமாஸ்தாவிடம் கேளுங்கள், எந்த ஹாலில் இன்றைக்குச் சாட்சி விசாரணை என்று சொல்லிவிடுவார்.

என் பேத்தி சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறாள். நீட் மதிப்பெண்ணும் வரும், அதையும் பார்ப்போம் என்று மகன் சொல்லியிருக்கிறான். இரண்டும் கையில் வந்தால் வீட்டில் பெரிய சண்டை இருக்கிறது. அதற்குள் உங்கள் அடுத்த இதழில் அந்த 7.5 சதவீத விஷயத்தையாவது திருத்திப் போட்டால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
பாளையங்கோட்டை